நத்தைக்கு இரை வைத்த வருஷம்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் வளர வேண்டியவை இரண்டு இருந்தன. ஒன்று என் அண்ணன் மகள், இரண்டு வயது தாண்டியவள். மற்றது என் படிப்பு. அடுப்பில் ஏறிய உலையோ ஒன்றுதான். இன்றைக்கு ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டும் நன்றாக வளர்ந்தன என்றுதான் சொல்வார்கள். நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றுவிட்டேன். அவள் மாட்டு டாக்டராகி ஒரத்தநாட்டில் வேலை பார்க்கிறாள். மேடையில் சொல்ல நல்ல கதை. நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. சொல்ல வாய் வராது.

எங்கள் ஊர், மாயவரத்திலிருந்து பூம்புகார் போகும் சாலையில் இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்து போக வேண்டிய ஒரு சின்னக் கிராமம். நாங்கள் பரம்பரையாகப் பண்ணையாட்கள். நிலம் முழுக்க ஒரே மிராசுதாருடையது. உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு அது மச்சான் பேரிலும் மருமகன் பேரிலும் பிறக்காத பேரன் பேரிலும் பிரிந்து கிடந்தது. காரியக்காரர் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒருவரே. நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன்தான் படிக்க வைத்தார். அவருக்குக் கல்யாணமாகி அண்ணி வந்தபோது, இனிமேல் என் படிப்பு அவ்வளவுதான் என்று நினைத்தேன். அண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் என் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் கையைப் புடவையில் துடைத்துக்கொள்வார். அண்ணனைவிட அவருக்குத்தான் என் படிப்பில் பிடிவாதம் அதிகம்.

எம்.எஸ்ஸி. முடித்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்த தலைப்பைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: எந்தக் கடல்பாசியைக் கொடுத்தால் கடல் நத்தை எப்படித் தின்னும், எப்படி வளரும், அதன் உடம்புக்குள் என்ன நடக்கும். வீட்டில் போய்ச் சொன்னேன். அண்ணன் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நத்தைய நாம திம்போம். நத்தை என்னா திங்குதுன்னு பாக்கவா ஒன்னய காலேஜுக்கு அனுப்புனேன்?”

“சும்மா இருங்க. அதுக்கும் ஒரு படிப்பு இருக்கும்” என்றார் அண்ணி.

அண்ணன் சொன்னதில் தப்பில்லை. மழைக்காலத்தில் வரப்போரம் பொறுக்கிய வயல் நத்தையை அவித்து, ஊசியால் சதையை இழுத்தெடுத்து, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தால் எங்கள் தெருவே மணக்கும். எங்களுக்குக் கறி என்றால் பெரும்பாலும் அதுதான். கல்லூரி விடுதியில் இதை நான் மூச்சு விட்டதில்லை. எப்படியோ தெரிந்துகொண்டு ஒருத்தி ‘நத்தை தின்னி’ என்றாள். நான் அவள் சோற்றுத் தட்டைத் தட்டிவிட்டேன். எனக்கு அப்போதிலிருந்தே கோபம் மூக்கு நுனியில்தான்.

ஆராய்ச்சிக் கூடம் என்பது பூம்புகாருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில், கல்நார் ஓடு போட்ட இரண்டு அறை. கடல் அரிக்காமல் இருக்கக் கரையில் கொட்டியிருந்த பாறைக் கற்களில் நத்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பம்பரம் போன்ற ஓடு, வாயை அடைத்துக்கொள்ள வட்டமாக ஒரு வெள்ளை மூடி. மூன்று கண்ணாடித் தொட்டிகளில் அவற்றைப் பிரித்து விட்டேன். முதல் தொட்டிக்கு அந்தக் கற்களிலேயே முளைக்கும் பச்சைப்பாசி, கீரை இலை மாதிரி அகலமானது, அன்றன்றைக்குப் பறித்தது. இரண்டாவது தொட்டிக்குக் கஞ்சிப்பாசி. அது இராமநாதபுரம் பக்கத்திலிருந்து, வெயிலில் காய்ந்து வெளுத்துச் சாக்கில் வரும். கொதிக்க வைத்தால் கஞ்சி மாதிரி கெட்டிப்படும். ஏழைபாழைகள் காய்ச்சிக் குடிப்பார்கள். ஊறவைத்துப் போடுவேன். மூன்றாவதற்கு இரண்டையும் கலந்து.

சாயங்காலம் பாசியை நிறுத்துப் போட வேண்டும். காலையில் மிச்சத்தை எடுத்து நிறுக்க வேண்டும். நத்தை தின்னுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடிப் பக்கமாக அது ஏறும்போது வாய் திறந்து மூடுவது தெரியும். உள்ளே அரம் மாதிரி நாக்கு. ராவி ராவித் தின்னும். அவசரமே இல்லை. ஆரம்பத்தில் மணிக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நான் தொட்டிகளை வைத்த அதே ஆனி மாதத்தில் எங்கள் ஊரில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அரசாங்கம் அறுவடைக்கும் நடவுக்கும் கூலி நிர்ணயித்து அறிவித்துவிட்டது. மிராசுதார் அதைக் கொடுக்க மாட்டேன் என்றார். “கூலியச் சொன்னவன் வந்து நாத்தும் நடட்டும்” என்று காரியக்காரரிடம் சொல்லி அனுப்பினார். அண்ணன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார், ஓட்டு மட்டும் ஆளுங்கட்சிக்குப் போடுவார். சைக்கிளில் இரண்டு கொடியும் பறக்கும். வெயிலுக்கு ஒன்று மழைக்கு ஒன்றா என்று நான் கிண்டல் செய்வேன். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து தங்கியது. எங்கள் தெருக்காரர்கள் யாரும் வயலில் இறங்கக் கூடாது, வரப்பில்கூடக் கால் வைக்கக் கூடாது என்று ஆள் போட்டுக் காவல் வைத்துவிட்டார்கள்.

கூலி நின்றால் பசிக்கும், அது எல்லோருக்கும் தெரியும். வரப்பு போனால் என்ன போகும் என்று டவுனில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கூலி நெல் வயிற்றை நிரப்பும். நண்டு, நத்தை, கெண்டைப் பொடி மீன், கீரை எல்லாம் அந்த வரப்பிலும் வயல் தண்ணீரிலும் கிடைத்தவை. அரிசிக்கு எப்படியோ வழி பிறந்தது. ரேஷன் இருந்தது, சங்கத்தில் அண்டா வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். ஆக, கஞ்சிக்குப் பஞ்சமில்லை. கஞ்சியைத் தவிர வேறொன்றும் இல்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வீட்டுக்கு வருவேன். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அண்ணி தூக்குப் பாத்திரத்தில் சோறும், அவித்த முட்டைகளும், கிடைத்திருந்தால் வறுத்த நத்தையும் வைத்துத் தருவார். வீட்டில் இரண்டு கோழிகள் இருந்தன. அவை இடும் முட்டைகளை அண்ணி தவிட்டுப் பானைக்குள் புதைத்து எனக்காகச் சேர்த்து வைப்பார். நத்தையை விடிவதற்கு முன்னால் போய், மிராசுக்குச் சேராத பொது வாய்க்காலில் துழாவிப் பொறுக்கி வருவார். வாய்க்காலில் கொஞ்சம்தான் அகப்படும். கிடைத்த ஒரு கை நத்தையைத் தண்ணீர்க் குடத்தில் உயிரோடு போட்டு வைத்து, நான் வரும் சனிக்கிழமை அவிப்பார்.

ஒரே ஒரு தடவை சொன்னேன். “எனக்கு எதுக்கு அண்ணி, குட்டிக்குக் குடுங்க.”

“அதுக்கு என்னா பரீச்சையா வெச்சிருக்கு? நீ சாப்புடு” என்றார்.

நான் சாப்பிட்டேன். ருசித்துச் சாப்பிட்டேன். ஊசியை வழித்து நக்கிய ருசிகூட இன்னும் நாக்கில் இருக்கிறது.

குட்டி என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவோம். நான் சாப்பிடும்போது எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். அவள் முன்னால் கஞ்சிக் கிண்ணம். குடித்து முடித்துவிட்டு “இன்னும்” என்பாள். ஊற்றினால் குடித்துவிட்டு மறுபடி “இன்னும்”. இத்தனூண்டு உடம்பில் எங்கே போகிறது என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும். “அண்ணி, ஒங்க பொண்ணு வயித்துல ஏரி வெட்டி வெச்சிருக்கா” என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் அதே சமயத்தில் எனக்கு ஒரு நல்ல முடிவு கிடைத்தது. மூன்று தொட்டிகளில் அதிகமாகத் தின்றவை கஞ்சிப்பாசித் தொட்டி நத்தைகள். இரவும் பகலும் ராவிக்கொண்டே இருந்தன. ஆனால் வளர்ச்சியில் அவைதான் கடைசி. வெளுத்த பாசியில் ஊன் வளர்க்கும் சத்து கொஞ்சம்தான் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தைச் சேர்ப்பதற்காக உடம்பு தின்னு தின்னு என்று அவற்றை விரட்டுகிறது. பச்சைப்பாசித் தொட்டியில் பாதி பாசி மிச்சமிருக்கும், நத்தைகளோ தளதளவென்று வளரும். நிறையத் தின்னுவது நலத்துக்கு அடையாளம் அல்ல என்று எழுதினேன். பேராசிரியர் வாசித்துவிட்டு, “நல்லாப் பிடிச்சிருக்கேம்மா” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போய், அண்ணி வைத்த முட்டையை உரித்துத் தின்றேன். எதிரே குட்டி “இன்னும்” என்று கிண்ணத்தை நீட்டினாள்.

நல்லா சாப்பிடுறா, குறையொன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

நத்தைகளைப் பற்றி இன்னொன்றும் கண்டுபிடித்தேன். ஓட்டை உடைத்து, சதையை எடுத்து நிறுத்தால் மூன்று தொட்டி நத்தைகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அடுப்புப் பெட்டியில் வைத்துக் காயவைத்த பிறகு நிறுத்தால்தான் குட்டு வெளிப்படும். கஞ்சிப்பாசி தின்றவற்றின் சதையில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். உடம்பு கரைந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பி, பார்வைக்குப் பழைய பருமனையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மூடிய புட்டியில் வைத்து மூச்சு அளந்தபோதும் அவை குறைவாகத்தான் மூச்சு விட்டன. இருக்கிற கொஞ்சத்தைச் செலவழிக்காமல் அசையாமல் கிடந்தன.

ஆவணி, புரட்டாசியில் குட்டியின் கன்னம் உப்பியது. கால் கொழுகொழுவென்று பளபளத்தது. ஊரே ஒட்டி உலர்ந்து கிடக்க இவள் மட்டும் உருண்டையாக இருக்கிறாள் என்று எனக்குப் பெருமை. பாதத்தைப் பிடித்து அமுக்கினால் குழி விழுந்து, மெதுவாக நிரம்பும். “பஞ்சு மிட்டாய்க் காலுடி ஒனக்கு” என்று சொல்லி முத்தம் கொடுத்தேன். அடம் பிடிப்பதில்லை, ஓடுவதில்லை, வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். சமர்த்து என்று மெச்சினேன். முடி செம்பட்டையாகிக்கொண்டு வந்தது. அதற்கும் ஒரு பேர் வைத்தேன், ‘வெள்ளைக்காரி’ என்று. அந்தப் பேர் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அண்ணன்கூட, “வெள்ளைக்காரி, அத்தைக்குத் தண்ணி கொண்டா” என்பார். அவள் எழுந்துபோக மாட்டாள்.

காயவைத்து நிறுக்காமல் எந்த நத்தையையும் நம்பாதவள் நான்.

ஐப்பசி பிறந்ததும் சோதனையின் அடுத்த கட்டம். கஞ்சிப்பாசித் தொட்டி நத்தைகளைப் பச்சைப்பாசிக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு ஒருநாள்கூட விட்டுப் போக முடியாது. முதலில் அவை புது இரையைத் தொடவே இல்லை. பழகின ருசியைத் தேடி மூலையில் ஒதுங்கின. பிறகு ஒவ்வொன்றாக வந்து கடித்தன. எனக்கு அப்போது உதவித்தொகை வரத் தொடங்கியிருந்ததால் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டேன். தீபாவளிக்குக்கூட வீட்டுக்குப் போகவில்லை. ஊரில் எல்லோரும் பட்டினியில் கிடக்கிறார்கள், நான் மட்டும் மெஸ்ஸில் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நத்தைக்கு இலை பறிக்கிறேன் என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கும். கூடப்பிறந்தவர் மண்டை உடைபடும் நேரத்தில் எட்டிப் பார்க்காதவள் என்று என்னை நானே திட்டிக்கொள்வேன். போகாததுதான் நான் செய்த பாவம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் நிறுத்தம் வழியாக வரும் பஸ்ஸின் கண்டக்டர் சேதி கொண்டுவருவார். கார்த்திகையில் ஒருநாள் கூடத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தி, படியில் நின்றபடியே சொன்னார்.

“ஒங்க அண்ணி முட்டையா சேத்து வெச்சிருக்காங்களாம். எப்ப வருவீங்கன்னு கேட்டாங்க.”

கையில் பாசி, காலில் சேறு, அன்றைக்கென்று இரண்டு நத்தை செத்திருந்தது. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. “வர முடியாதுன்னு சொல்லுங்க. கெட்டுப்போனா தூக்கிப் போடச் சொல்லுங்க” என்றேன். அவர் விசிலை ஊதிவிட்டுப் போனார்.

அந்த மாதங்களில்தான் நத்தை ஓட்டில் ஒரு புதுமை தெரிந்தது. நத்தை தன் ஓட்டை வாய் விளிம்பில்தான் கூட்டிக்கொண்டு போகும். என்ன தின்கிறதோ அந்த நிறம் அந்த விளிம்பில் இறங்கும். வெளுத்த கஞ்சிப்பாசி தின்ற மாதங்களில் வளர்ந்த பகுதி வெள்ளையாக இருந்தது. பச்சைப்பாசிக்கு மாறியதும் கரும்பச்சை விளிம்பு ஓடத் தொடங்கியது. கடலிலிருந்து வந்தபோது இருந்த கருமை, நடுவில் ஒரு வெளுத்த பட்டை, அப்புறம் மறுபடி கருமை. அதை வைத்து எந்த மாதத்தில் எந்த நத்தை என்ன தின்றது என்று சொல்லிவிடலாம். இனி எவ்வளவு நல்ல இரை போட்டாலும் அந்தப் பட்டை மறையாது. மேலே வளரும், அவ்வளவுதான்.

மார்கழிக் கடைசியில் தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை நடந்து வேலைநிறுத்தம் முடிந்தது. கேட்டதில் முக்கால்வாசி கிடைத்தது. அண்ணன் தலையில் தையல் போட்ட தழும்போடு சம்பா அறுவடைக்கு இறங்கினார். எங்கள் ஆட்கள் மறுபடி வரப்பில் நடந்தார்கள். தை நடுவில் குட்டிக்கு முடி இறக்க நாள் பார்த்தார்கள். சண்டையால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த காரியம். சோதனையும் முடிந்திருந்தது. காத்தாயி கோயிலுக்கு நானும் போனேன்.

குட்டி என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். ஓடினாள் என்பதைக் கவனித்தேன். உப்பிய கன்னம் வற்றி, முகம் சின்னதாகியிருந்தது. இளைத்துவிட்டாளே என்று அண்ணியிடம் குறைப்பட்டுக்கொண்டேன். வெள்ளைக்காரி என்று கூப்பிட்டதற்கு என்னை அடித்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் தெளித்தார்கள். ஒரே கத்தல். கால் இரண்டும் உதைத்த உதையில் தாய்மாமன் வேட்டி அவிழ்ந்துவிட்டது. நாவிதர் அசரவில்லை. முடி ஈரக் கற்றை கற்றையாகக் கீழே விரித்திருந்த துண்டில் விழுந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசினார்கள். இனிமேல் கருகருவென்று முளைக்கும் என்றார்கள்.

துண்டை எடுத்துப் போய் வாய்க்காலில் விடச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். கரைக்குப் போவதற்குள் வெயிலில் முடி காய்ந்துவிட்டது. ஒரு கற்றையைக் கையில் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை, பழக்க தோஷம். நுனி கருப்பு. நடுவில் மக்காச்சோளக் கதிர் நார் மாதிரி செம்பட்டை. அடியில் மறுபடி கருப்பு.

இன்னொரு கற்றையை எடுத்தேன். அதுவும் அப்படித்தான். துண்டு முழுக்க அப்படித்தான்.

படித்த படிப்பு சும்மா விடாது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு விரல்நக அகலம் வளரும். அடியிலிருந்து நகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். கஞ்சி மட்டுமே குடித்த மாதங்கள் செம்பட்டையில் இருந்தன. வேலைநிறுத்தம் முடிந்து மீறிப்போனால் ஒரு மாதம். அப்படியானால் அடியில் இருக்கும் கருப்பு ஒரு நக அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தது. கருப்பு அதற்கும் முன்னாலேயே, ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகை வாக்கிலோ தொடங்கியிருந்தது. அப்போது வயலில் காவல் எடுக்கப்படவில்லை, வீட்டில் கஞ்சியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. என்ன மாறியது? மாறியது ஒன்றுதான், நான் வீட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தேன். பொட்டில் அடித்த மாதிரி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். “இன்னும்” என்று நீட்டிய கிண்ணம், அமுக்கினால் குழி விழுந்த கால், அசையாமல் உட்கார்ந்திருந்த சமர்த்து எல்லாம் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் நான் என் கையால் எழுதியிருந்தேன், நத்தைகளைப் பற்றி.

காணோமே என்று அண்ணி தேடிக்கொண்டு வந்தார். பாதி முடி இன்னும் துண்டில் இருந்தது.

“அண்ணி, குட்டி எப்பலேருந்து ஓடியாட ஆரம்பிச்சா?”

“தீவாளி கழிச்சுதான். கால் வீக்கமெல்லாம் அப்பறம்தான் வடிஞ்சுது. ஏன் கேக்குற?”

“அப்ப என்ன குடுத்தீங்க?”

அண்ணி புடவைத் தலைப்பை முறுக்கினார். அவர் முகத்தில் அப்படியொரு தயக்கத்தை நான் பார்த்ததில்லை.

“தப்பா நெனச்சுக்காதம்மா. ஒனக்குன்னு வெச்சிருந்த முட்டைதான். நீ வரவே இல்ல. கெட்டுப்போயிடுமேன்னு பயந்து ஒண்ணு ரெண்டு அவிச்சுக் குடுத்தேன். அப்பறம் நீ தூக்கிப் போடச் சொன்னேன்னு கண்டக்டரு சொன்னாரு. தூக்கிப் போட மனசு வரல. நத்தையயும் அதுக்குத்தான் குடுத்தேன். ஒன்னக் கேக்காமக் குடுத்துட்டேன்.”

என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கோழி, அவர் குனிந்து பொறுக்கிய நத்தை, அவர் பெற்ற பிள்ளை. அதற்கு என்னிடம் அனுமதி கேட்கவில்லையே என்று கைபிசைந்து நின்றார். அந்தக் குழந்தை மஞ்சள் கருவைத் தின்றது நான் வராததனால், எரிச்சலில் தூக்கிப்போடச் சொன்னதனால். நான் ஒழுங்காக, பாசமாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முடிவை எழுதத்தான் நான் பயிற்சி பெற்றிருந்தேன்.

“சரி அண்ணி” என்றேன். முடியைத் தண்ணீரில் விட்டேன். கொஞ்ச தூரம் ஒன்றாகப் போய்ப் பிரிந்தது.

அன்றைக்கு மத்தியானம் விருந்து. அந்த இரண்டு கோழிகளில் ஒன்றை அடித்திருந்தார்கள். அண்ணி முதல் துண்டை எடுத்து என் இலையில் வைத்தார். வேண்டாம் என்று சொன்னால் முட்டைக்காகக் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து அழுவார். அதனால் தின்றேன். சின்ன எலும்பைக்கூட விடவில்லை. குட்டி தன் பங்கில் பாதியை வைத்துவிட்டு எழுந்து விளையாட ஓடிவிட்டாள்.

என் ஆய்வேட்டில் வெளுத்த பட்டையைப் பற்றிய அத்தியாயத்தைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு வேலை கிடைத்தது. குட்டியின் படிப்பு முழுவதையும் நான் பார்த்துக்கொண்டேன். அதைச் சொல்லிச் சொல்லி ஊர் என்னைப் புகழும்போது கைக்குக் கிடைத்ததை எடுத்து வீசலாம் போல இருக்கும். அண்ணியிடம் ஒருமுறை எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன். அவர் என் தட்டில் முட்டையை வைத்தபடி, “நீ மட்டும் படிக்கலன்னா இந்த வீடு என்னாயிருக்கும்” என்றார். வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் என் பாரம் இறங்கும். கஞ்சியை ஊற்றிய கை அவருடையது. அந்தப் பாரம் அவர் தலையில் ஏறும். அதைச் செய்ய எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

எங்கள் குடும்பத்தில் ஆணும் பெண்ணும் நெட்டையானவர்கள். அண்ணி வீட்டிலும் அப்படியே. குட்டி மட்டும் வளரவில்லை. காரணம் ஆயிரம் இருக்கலாம், ஒரே ஒரு உயிரை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று என் மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மாணவர்கள் நம்பினார்கள்.

போன மாதம், ஊரில் அண்ணியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அவளோடு, அவள் வீட்டுக்குப் போவதற்காகத் தஞ்சாவூரில் பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. நான் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் எக்கிப் பார்த்தாள், கை எட்டவில்லை. ஆஸ்பத்திரியில் முரட்டு மாட்டைக் கயிறு போட்டுச் சாய்ப்பவள், பஸ் கம்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

“நீங்க கம்பியப் புடிச்சுக்குங்க அத்தை. நான் ஒங்களப் புடிச்சுக்கறேன்.”

என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் தலை என் தோளுக்குக் கீழே இருந்தது. வகிட்டில் என் கண் தானாகப் போனது. அடிமுடி வெளுத்திருந்தது. மனசு மாதங்களை எண்ணத் தொடங்கிவிட்டது. அப்புறம்தான் அவளுக்கும் வயதாகிறது என்று உறைத்தது.

“என்ன அத்தை அப்படிப் பாக்குறீங்க? டை அடிச்சு மூணு வாரமாச்சு. அதான்” என்றாள்.

பையைத் திறந்து, அண்ணி வழிக்குக் கொடுத்தனுப்பிய பொட்டலத்தை எடுத்தாள். இரண்டு அவித்த முட்டை. ஒன்றை உரித்து, என் இரண்டு கையும் கம்பியில் இருந்ததால், எக்கி என் வாயருகே நீட்டினாள்.

“அம்மா சொன்னாங்க, மொதல்ல ஒங்களுக்குக் குடுக்கணுமாம்.”

பஸ் குலுங்கியது. என்னால் கம்பியை விட முடியவில்லை. வாயைத் திறந்தேன்.